மட்டன் தெரியும், தண்ணி தெரியாது

நீல அட்டை போட்ட அந்த நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பிரெஞ்சு. எல்லாம் தமிழ் எழுத்தில், என் கையெழுத்தில். சூப், சூப். சாஸ், சோஸ். மட்டன், மூட்டோன். எழுபதுகளில் மலேசியாவில், சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் ஆபீஸ் டைப்பிஸ்டாக இருந்தபோது, பங்களா சமையல்கார அண்ணனுக்காக எழுதியது.

இங்கிலீஷ் துரை ஊருக்குப் போக, பிரெஞ்சுத் துரையும் துரைசாணியும் வருவதாகச் செய்தி வந்தது. துரைசாணிக்கு இங்கிலீஷ் வராதாம். பேச்சு புரியாவிட்டால் அண்ணனுக்கு வேலை போகும். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீடும் போகும். "பயமா இருக்கு தங்கச்சி, ஏதாச்சும் எழுதிக் கொடு லா" என்றார்.

ஈப்போவுக்கு பஸ் ஏறிப் பழைய இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதி ஒன்று வாங்கி வந்தேன். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு பேசியவர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தை ஆண்டார்கள் என்றது முன்னுரை. ஆட்டை மேய்த்த இங்கிலீஷ்காரன் அதை ஷீப் என்றே சொல்ல, தின்ற பிரெஞ்சு எஜமானின் சொல் மட்டனாகித் தங்கிவிட்டதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒத்துப்போன சொற்களை மட்டும் பொறுக்கி எழுதி, "பாதி பிரெஞ்சு இங்கிலீஷ்தாண்ணே, பயப்படாதீங்க" என்றேன். படித்த திமிர், வேறென்ன?

முதல் நாள் மேசையில் வைத்ததற்கெல்லாம் அண்ணன் பிரெஞ்சில் பெயர் சொல்ல, துரைசாணி சிரித்தாளாம். பிறகு குசினிக்குள் வந்து விறுவிறுவென்று பேசினாளாம். "சாப்பாட்டுப் பேரெல்லாம் தெரியுது தங்கச்சி. அவங்களே பைப்பைத் தொறந்தப்போதான் தண்ணி கேட்டாங்கன்னு புரியுது" என்றார். அந்த மாதக் கடைசியில் அவரைப் புல் வெட்டப் போட்டார்கள்.

வீட்டைக் காலி செய்த அன்று நோட்டைத் திருப்பித் தந்தார். "நல்லா எழுதியிருக்க தங்கச்சி" என்றார். கிண்டலா, மனதாரச் சொன்னதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அகராதி பொய் சொல்லவில்லை, நானும் பொய் எழுதவில்லை. பிறகு எப்படி அவர் வீடு போனது? இங்கிலாந்தை ஆண்டவர்களின் பிரெஞ்சுச் சொல் மேசையோடு நின்றுவிட்டது. தண்ணீருக்கும் நெருப்புக்கும் இங்கிலீஷ்காரனின் சொந்தச் சொல்லே இருந்தது. எங்களுக்கும் அப்படித்தானே? ஆபீஸ், ஆர்டர், நோட்டீஸ் எல்லாம் மேலிருந்து வந்தன, தண்ணி மட்டும் தண்ணியாகவே இருந்தது. அகராதி இல்லாமலே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவர் கையெழுத்தில், பென்சிலில்: தண்ணி, நெருப்பு, கத்தி. எதிரே வெற்றிடம். என்னிடம் கேட்கத்தான் எழுதி வைத்திருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை?

இன்று அந்த மூன்றுக்கும் எனக்குப் பிரெஞ்சு தெரியும். பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன்.