கையை எடுத்தால் வேலை செய்யும் கம்ப்யூட்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்தது. பள்ளிக்கூடம் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நான் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியின் மாடியில் கம்ப்யூட்டர் வைத்து ரெக்கார்டிங் கடை நடத்தினேன். கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலம்.

ஒரு மத்தியானம் ஒரு பாய் வந்தார். சாயங்காலம் வேன் ஏறினால் நேரே விமானம், துபாய். அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் மாமனாருக்குக் கிடைக்கவில்லை. அதனால் மண்டபத்தில் போட்டுக் காட்ட நாலு வார்த்தை பேசிப் பதிந்து, சிடியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

பேசினார். திரும்பப் போட்டுக் கேட்டால் பாதி வார்த்தைகளைக் காணோம்.

காரணம் நான்தான். இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மாதா கோவில் பாட்டு, தேர்தல் விளம்பரம், நண்பர்கள் கொடுத்த சினிமா என்று எல்லாவற்றையும் கொட்டி, இடம் பற்றாதபோதெல்லாம் கண்டபடி அழித்திருந்தேன். காலியிடம் இருந்தது. ஆனால் பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலம் மாதிரி, வாய்க்கால் தலைப்பில் ஒரு மா, சுடுகாட்டோரம் அரை மா என்று கிடந்தது. டிஸ்க்கின் ஊசி பாயின் குரலை எழுத ஒவ்வொரு துண்டாக ஓடி மூச்சு வாங்குவதற்குள் அவர் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார்.

சிதறியதை அடுக்க டிஃப்ராக் போட்டேன். திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் நடவு வயல் மாதிரி வரிசைகட்டின. சும்மா இருந்தால் முடிந்திருக்கும். எனக்குச் சும்மா இருக்க வராது. பாய்க்குப் பொழுது போகட்டுமே என்று ஒரு பாட்டைப் போட்டேன். அடுக்கல் முதலிலிருந்து ஆரம்பித்தது. சீட்டாட்டத்தைத் திறந்தேன், மறுபடியும் முதலிலிருந்து. பாய் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கையை எடுத்தா அது வேலை செய்யுது. தொட்டீங்கன்னா பழையபடி ஆரம்பத்துலேர்ந்து வருது. கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

என் கடையிலிருந்து என்னையே வெளியே அனுப்பிவிட்டார். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மவுஸ் மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடி, காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

வேன் வந்து ஹாரன் அடித்தபோதுதான் அடுக்கி முடிந்தது. பாய் மைக் முன்னால் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டாரை வரவேற்றார். யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை. பிறகு மகளிடம் வந்தார்.

"அத்தா வரலேன்னு நெனைக்காதம்மா..."

அதோடு நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் நிற்காமல் பதிந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமி, "நல்லா இரு" என்று முடித்தபோது கீழே மறுபடி ஹாரன்.

அந்த இடைவெளியை வெட்டி ஒட்டிவிடவா என்று கேட்டு, கைக்குட்டைக்கு அடியில் கையை விட்டேன்.

"வேணாம் தம்பி, தொடாதீங்க. அந்த எடம் வந்தா கரண்ட் போயிடுச்சுன்னு எல்லாரும் ஃபேனைத்தான் பாப்பாங்க. எம்புள்ள அழுவுறத யாரும் பாக்கமாட்டாங்க."

சிடி எழுதி முடியும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.