எதிர்க்கரையில் பிடித்த கயிறு

பேய், ஆவி என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓய்வு பெற்று, சாத்தூர் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் மிளகாய் போட்டிருந்தேன். மழைநீர் பள்ளத்தில் கட்டினால் இறைகூடையால்தான் வெளியேற்றுவோம். தகரக் கூடை, பக்கத்துக்கு இரண்டு கயிறு. எதிரெதிரே இரண்டு பேர் நின்று ஒரே வீச்சில் மொண்டு வரப்புக்கு அப்பால் கொட்ட வேண்டும். ஒற்றை ஆளால் முடியாது. என் எதிரே எப்போதும் நின்றவன் சுடலை.

சீசனில் அவன் பட்டாசுக் கம்பெனிக்கும் போவான். ஒரு நாள் வந்து, "ஐயா, மருந்து நெடி நெஞ்சை அடைக்கு. இனிமே இங்கனயே கெடக்கேனே" என்றான். நான் அப்போதுதான் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜின் வாங்கியிருந்தேன். டீக்கடையில் நாலு பேர் பார்க்க, "இன்ஜினுக்குச் சோறு போட வேண்டாம்லே. ஒனக்குல்ல போடணும்" என்றேன்.

"அது டீசல் கேக்கும்யா. நான் கஞ்சிதான கேக்கேன்" என்று அவனும் சிரித்தான்.

மறு வாரம் கம்பெனியில் வெடித்ததில் செத்துப்போனான். நான் துக்கத்துக்குப் போகவில்லை. அவன் பெண்சாதி முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

அந்தக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. செடிகள் தண்ணீரில் நின்றன, இன்னும் ஒரு நாள் போனால் வேர் அழுகிவிடும். இன்ஜின் சேற்றை உறிஞ்சி நின்றுவிட்டது. கரிசல் சகதியில் மெக்கானிக் வண்டி வராது. ஆள் கூப்பிட சுடலையின் தெருவுக்குப் போக எனக்கு முகமில்லை. காலை பத்து மணி இருக்கும், கூடையோடு நானே இறங்கினேன். எதிர்ப்பக்கத்துக் கயிறுகளைக் கருவேல மரத்தில் கட்டிப் பார்த்தேன், முடிச்சு அவிழ்ந்து கயிறுகள் தண்ணீரில் விழுந்தன. எரிச்சலில், பழைய பழக்கத்தில், "பிடிலே சுடலை!" என்று கத்திவிட்டேன்.

கயிறுகள் தண்ணீரிலிருந்து எழும்பின. நெஞ்சு உயரத்தில் விறைத்து நின்றன. எதிரே யாருமில்லை, வரப்பும் தூறலும்தான்.

ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். ஓடவில்லை. இழுத்தேன். கூடை போய் வந்தது. முடிவில் லேசாக இடப்பக்கம் வெட்டுகிற வீச்சு, அது சுடலைக்கு மட்டும் உள்ளது. அவன்தான் என்று தெரிந்தது, தெரிந்தே இறைத்தேன். 'மன்னிச்சிருலே' என்று ஒரு சொல் வரவில்லை எனக்கு; கிழக்கு மூலையில் இன்னும் தண்ணீர் கிடக்கிறதே என்றுதான் நினைப்பு ஓடியது. உச்சிப்பொழுது வரை அவனிடம் வேலை வாங்கினேன். செத்துப்போனவனிடம். செடிகள் பிழைத்துக்கொண்டன.

பள்ளம் வற்றிய பிறகுதான் பயம் வந்தது. என் கயிறுகளைப் போட்டுவிட்டு ஓடினேன். வரப்பேறித் திரும்பிப் பார்த்தபோது எதிர்க்கயிறுகள் கீழே விழாமல் அப்படியே நின்றன.

உயிரோடிருந்த காலத்தில் நான் "போதும்லே" என்று சொல்லாமல் சுடலை கயிற்றை விட்டதில்லை. அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. மறுபடி அங்கே போய்ச் சொல்லவும் இன்றுவரை தைரியம் வரவில்லை.