ஐந்தாவது ரீல்

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். ஆண்டிபட்டியில் தறிக்கு, கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்க என்று போன இடத்திலெல்லாம் ஆறு மாதம் தாண்டியதில்லை. சின்னமனூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டருக்கு உதவியாகச் சேர்ந்தபோதுதான் நிலைக்க நினைத்தேன். மெஷின் அறைக்குப் பக்கத்தில் படுக்க இடம், இரண்டு வேளைச் சோறு. அதை விட்டால் அப்போது எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்தக் கோடையில், தமிழ் பேசும் அமெரிக்கப் பறக்கும் வீரன் ஒருவனின் இரண்டாம் பாகம் வந்தது. இந்த வீரர்களை எனக்குப் பிடிக்காது. பாகத்துக்குப் பாகம் உடுப்பின் நிறம்தான் மாறும். நகரம் இடியும், ஒருத்தி உயரத்திலிருந்து விழுவாள், தரையைத் தொடுமுன் இவன் பிடிப்பான். கூட்டம் அதை முதல் தடவை பார்ப்பது போல விசிலடிக்கும். ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததற்கு என்னைத் தோற்றவன் என்றார்கள். இவன் அதே பாடத்தை மறுபடி படித்தால் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினார்கள்.

இரண்டாம் பாகத்தின் ஐந்தாவது ரீல் மட்டும் வேறு மாதிரி. வீரன் தன் உடுப்பை வாளியில் ஊறவைத்துத் துவைப்பான். சாயம் போகும். பிறகு, தான் காப்பாற்றத் தவறிய ஒருவனின் வீட்டுக்குப் போய் அவன் மனைவி எதிரில் உட்கார்ந்திருப்பான். அவள் திட்டமாட்டாள், காபி கொடுப்பாள். அந்த ரீல் முடியும்வரை யாரும் பறப்பதில்லை. பாதிக் கூட்டம் பீடி குடிக்க வெளியே போய்விடும். நான் மெஷின் அறைச் சதுர ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்ப்பேன்.

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க ஆபரேட்டர் போன அன்று மெஷின் என் கையில் இருந்தது. காலைக் காட்சிக்கு முதல் பாகம், மதியத்திலிருந்து இரண்டாம் பாகம் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு படத்து டப்பாக்களும் ஒரே சுவரோரம் கிடந்தன. மூடியில் இருந்த இங்கிலீஷை நான் படிப்பதில்லை, நம்பரைத்தான் பார்ப்பேன். மதியக் காட்சியில் ஐந்தை எடுத்து மாட்டினேன். அது முதல் பாகத்தின் ஐந்து.

திரையில் வாளி வரவில்லை. போன பாகத்தில் செத்துப்போன வில்லன் உயிரோடு நின்று பாலத்தை உடைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தினால் கூட்டம் இப்போதே நாற்காலியைக் கிழிக்கும், நிறுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் கழித்துக் கிழிக்கும். எப்படியும் இன்றோடு வேலை போயிற்று என்று துணிப்பையை எடுத்து வைத்தேன்.

ஒருவனும் கிழிக்கவில்லை. விசில் பறந்தது.

அந்த ரீல் முடிந்ததும் இடைவேளை. இறங்கிப் போனேன். முறுக்குக் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் போன பாகத்துலயே செத்துட்டான்லடா?"

"செத்தவன் வந்தா ஒனக்கென்ன? அடி விழுந்துச்சுல்ல."

வேறு யாரும் சொல்லுமுன் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"ஏலே, நேத்து இந்நேரம் பாதிப் பேரு வெளிய போனாக. இன்னைக்கு ஒருத்தன் எந்திரிச்சானா? இனிமே இதையே போடு. அந்தத் துணி தொவைக்கிறது டப்பாவுலயே கெடக்கட்டும். இங்கன இருக்கணும்னா நான் சொல்றபடி ஓட்டு."

ஓட்டினேன். கொள்கை பேசும் அளவுக்கு வயிறு நிறைந்தவன் இல்லை நான். திரும்பி வந்த ஆபரேட்டர் விவரம் கேட்டுவிட்டு, எல்லாம் அம்மன் அருள் என்றார். காலையில் பார்த்த அதே சண்டையை மதியமும் பார்த்தவர்கள் உண்டு. ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

மூன்றாம் பாகம் வரும்வரை அங்கேயே இருந்தேன். நான் ஓரிடத்தில் அதிக நாள் இருந்தது அங்கேதான். படப்பெட்டி வந்ததும் முதல் காட்சியில் ஐந்தாவது ரீலுக்காகக் காத்திருந்தேன். பாலம். ஆறாவதில் கட்டடம். ஏழாவதில் மறுபடி பாலம். வாளியும் இல்லை, காபியும் இல்லை. சின்னமனூரில் முதலாளி கண்டுபிடித்ததை அமெரிக்காவில் படம் எடுப்பவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். இவராவது அந்த ரீலை டப்பாவில் வைத்திருந்தார். அவர்கள் எடுக்கவே இல்லை.

படம் முந்தைய இரண்டையும்விட நன்றாக ஓடியது. நாலாம் நாள், ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இடம் கேட்டுவிட்டு வந்து, கணக்கு முடித்துக்கொள்கிறேன் என்றேன். நல்லா ஓடுற நேரத்தில் எதுக்குடா போறே என்று முதலாளி கேட்டார். இந்தப் படத்தில் மாற்றிப் போட ஒரு ரீல்கூட இல்லையே என்றேன்.

அவருக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.