பதினோராவது விதி

மூன்று வருடங்களுக்கு முன், வயலில் களை பிடுங்கும் ஒரு மார்கழி மாதம் இது தொடங்கியது. மன்னார் பெருநிலப்பரப்பில், முருங்கன் பக்கத்து வயல் ஊர் ஒன்று எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். வாசித்து முடிக்கும்போது ஏனென்று விளங்கும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போரில் இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் படிப்பு எங்கேயோ நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள், நான் போகவில்லை. ஆனால் எழுதும் பழக்கம் மட்டும் விடவில்லை. பிள்ளைகளின் கொப்பிகளில் மிஞ்சும் தாள்களில் கதை எழுதுவேன். எழுதியதை யாருக்கும் காட்டப் பயம். பொதுவாகவே நான் பயந்த பிறவி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். ஒருமுறை தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு, முத்திரை ஒட்டினேனா என்ற சந்தேகத்தில் தபால்காரர் வரும்வரை பெட்டியடியிலேயே நின்றேன். என் கணவருக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "மழை பெய்தாலும் பயம், பெய்யாட்டியும் பயம். உனக்கு எதுக்குத்தான் பயமில்லை?" என்பார்.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உறவு இல்லை, ஆனால் கூடப்பிறந்தவர் போலத்தான். அவருடைய கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனவர். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அக்கா குளக்கட்டில் ஏறி நின்று அவரோடு போனில் கதைப்பார். எங்கள் ஊரில் போன் ஒழுங்காக எடுபடுவது அங்கேதான். கடையில் சாமான் போட்டுத் தரும் ஒரு சொப்பின் பையில் போனைச் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். "சாப்பிட்டீங்களோ? அங்க வெயிலோ? மகள் நல்லாப் படிக்கிறாள்" என்று அவர் கதைப்பது கீழே வயலில் நிற்கும் எங்களுக்கெல்லாம் கேட்கும். கொடுத்து வைத்தவள் என்று மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த மார்கழியில் ஒருநாள், நாங்கள் இருவரும் மட்டும் ஒரே வரம்போடு களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா நிமிராமலே சொன்னார். கணவர் போன் எடுத்து இரண்டு வருடமாகிறதாம். அங்கே வேறு ஒரு குடும்பமாம். பழைய நம்பர் வேலை செய்வதில்லை. குளக்கட்டில் நின்று அக்கா கதைப்பது யாரோடும் இல்லை.

"எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியுமடி. தகப்பன் விட்டிட்டுப் போன பிள்ளையெண்டு அவளை ஒருத்தரும் சொல்லக்கூடாது. அவளுக்கொரு வழி பிறக்கும்வரைக்கும் இப்பிடியே கதைச்சுக்கொண்டிருப்பன்."

அன்றிரவே எழுதத் தொடங்கினேன் என்று சொன்னால் நான் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உண்மை அதுதான். ஊரை மாற்றினேன், நாட்டை மாற்றினேன், குளக்கட்டைக் கடற்கரை ஆக்கினேன். சொப்பின் பையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அந்தச் "சாப்பிட்டீங்களோ"வையும் விட மனமில்லை. முடித்ததும் அக்காவுக்கே வாசித்துக் காட்டினேன். அழுதார். பிறகு, "நான் இவ்வளவு வடிவாவோடி கதைக்கிறன்?" என்று சிரித்தார். போட்டிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"பேர் இல்லைத்தானே, அனுப்பு. ஆனா நான் வேண்டாமெண்டு சொன்னா நிப்பாட்டிப் போடோணும்."

"சத்தியமா நிப்பாட்டுவன் அக்கா" என்றேன்.

அப்போது இரண்டு சிறுகதைப் போட்டிகள் அறிவித்திருந்தார்கள். ஒன்று ஒரு சின்னச் சஞ்சிகையுடையது. பரிசு பெறும் கதையை ஒருமுறை பிரசுரிப்போம், அதற்குப் பிறகு கதை எழுதியவருக்கே, பரிசாகப் புத்தகங்கள் தருவோம் என்று நாலு வரியில் முடித்திருந்தார்கள். மற்றது பெரிய இடம். கொழும்பில் மேடை, படத்தோடு செய்தி, எல்லாருக்கும் சான்றிதழ். ஒரே கதையை இரண்டுக்கும் அனுப்பக்கூடாது. பெரிய போட்டியின் விதிகளை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. பதினோராவது விதி இப்படி இருந்தது: போட்டிக்கு வரும் எல்லா ஆக்கங்களின் முழு உரிமையும் ஏற்பாட்டாளர்களுக்கே உரியது, அவற்றை எந்த வடிவத்திலும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

பரிசு பெற்ற கதை என்று இல்லை, எல்லா ஆக்கங்களும். அந்தச் சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. நாளைக்கு அக்கா வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன்?

கேட்டுவிடலாம் என்று அவர்களுக்குப் போன் எடுத்தேன். என்ன கேட்பதென்று தாளில் எழுதி மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் நல்ல தமிழில் "வணக்கம், சொல்லுங்கள்" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்புக்காரி உரிமை பற்றிக் கேட்கிறாளே என்று நினைப்பாரோ என்று வெட்கம். "தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுதவேணுமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கதையை ரைப் செய்ய முருங்கனில் ஒரு கடைக்குப் போனேன். போட்டோகொப்பியும் எடுத்து, படிவங்களும் நிரப்பிக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கடை அது. அவரிடம் அந்த விதியைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"காணி எழுதிக் குடுக்கிற மாதிரியெல்லோ யோசிக்கிறீங்கள்! முதலில பரிசு கிடைக்கட்டும் அக்கா, பேந்து உரிமை கிரிமையைப் பாப்பம். எல்லாத்திலயும் இப்பிடித்தான் போடுவினம்."

பின்னால் வீட்டுத்திட்டப் படிவத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். எங்களுக்குப் படிவம் என்றால் கையெழுத்து வைப்பதற்குத்தான். மீள்குடியேறிய நாளிலிருந்து தகரத்துக்கு, விதைநெல்லுக்கு, கிணற்றுக்கு என்று எத்தனை வைத்திருப்போம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள், பட்டியலில் பெயர் விடுபட்டுப்போகும் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அதோடு, இதை மறைக்க விரும்பவில்லை, அந்த மேடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருந்தேன். வழக்கம்போல வீண் பயம் என்று என்னையே ஏசிக்கொண்டு பெரிய போட்டியின் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. பாராட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லை. இரண்டு நாள் முகம் கழுவாமல் திரிந்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

அடுத்த வருடப் பெரும்போக நெல் வயலில், களை பிடுங்க வந்த பெண் ஒருத்தி தேநீர் வேளையில் தன் போனை எல்லாருக்கும் நீட்டினாள். வட்ஸ்அப்பில் வந்த சின்ன நாடகம். கடற்கரையில் ஒரு பெண், சொப்பின் பையில் சுற்றிய போனைக் காதில் வைத்து, "சாப்பிட்டீங்களோ?" என்கிறாள். பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். நான் எழுதிய வசனங்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. கடைசியில் நான் எழுதாத ஒன்று வந்தது. அவள் புருஷனோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் மணி அடிக்கிறது. சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதோடு முடிகிறது.

வயலிலும் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அன்று வேலைக்கு வந்திருக்கவில்லை. "இது நம்மட கட்டார்க்காரியைப் பாத்துச் செய்தது மாதிரியெல்லோ கிடக்கு" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருத்தி, "ஆ! ஒருக்கால் அடிச்சுப் பாத்தாத் தெரியும்" என்றாள்.

பகிடிக்குத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் வேலை முடிந்து குளக்கட்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். அக்கா வழமைபோல மேலே நின்று கதைத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நடந்தவள் தன் போனை எடுத்து அழுத்துவதைப் பார்த்தேன். "வேண்டாம்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

அக்காவின் காதில் இருந்த போன் மணி அடித்தது.

அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்க, "ஓம், ஓம், சரி" என்று இன்னும் இரண்டு சொல் கதைத்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். போன் எடுத்தவளே முதலில் தலையைக் குனிந்தாள். "சும்மா பகிடிக்கு அக்கா" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நாடகத்தை அவரும் பார்த்துவிட்டார். மகளின் போனுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"உன்ர கதைதானே? நிப்பாட்டச் சொல்லு" என்றார்.

அவருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து ஏற்பாட்டாளர்களுக்குப் போன் எடுத்தேன். அவரும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டேன். இந்தமுறை நாக்கு ஒட்டவில்லை. மறுபக்கத்தில் கதைத்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். வந்த கதைகளில் சிலவற்றை நாடகம் செய்பவர்களுக்குக் கொடுத்தோம், விதிகளில் இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்றார். இது ஓர் ஆளின் வாழ்க்கை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது இனி எங்கட கையிலயும் இல்லை அம்மா, எல்லா இடமும் போயிட்டுது. உங்கட பேரைப் போடேல்லை எண்டதுதான் கவலையெண்டால் சொல்லுங்கோ, கீழ போட்டுவிடுறம்."

ஐயோ, பேர் வேண்டாம் என்று கத்தினேன். எந்தப் பெயருக்காக அந்தத் தாளில் கையெழுத்து வைத்தேனோ, அதைப் போட்டுவிடாதீர்கள் என்று மன்றாடினேன்.

போனை வைத்ததும் அக்கா கேட்டார்: "நீ எழுதினதுதானேயடி? நீ சொன்னாக் கேக்க மாட்டினமோ?"

நான் பதினோராவது விதியைச் சொன்னேன். அவருக்கு விளங்கியது. விளங்கியதால்தான் அடுத்த கேள்வி வந்தது.

"இது உனக்கு முதலே தெரியுமோ?"

தெரியும் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாசித்தேன், பயந்தேன், கடைக்காரியிடம் காட்டினேன், பிறகும் வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எழுந்து போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகள் இப்போது தோட்டவெளி என்ற ஊரில் சித்தி வீட்டில் நின்று படிக்கிறாள். அக்கா குளக்கட்டுக்குப் போவதில்லை. என்னோடு பகை இல்லை, குழாயடியில் கண்டால் கதைப்பார். ஆனால் முன்னைப்போல "வாடி" என்று கூப்பிடுவதில்லை. வயலில் என்னோடு ஒரே வரம்பிலும் நிற்பதில்லை. மற்றப் பெண்கள் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் போனால், "கவனம், ஆள் வருது, எழுதிப்போடும்" என்கிறார்கள். பகிடியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும்.

போன மாதம் இதை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன் அக்காவிடம் கொண்டுபோனேன். முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நான் வாசித்து முடிக்கும்வரை கால்களால் நெல்லைக் கிளறியபடியே கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்தலாம், அச்சுக்குப் போகும் முன் எப்போதும் எடுக்கலாம் என்று இந்த இதழ்க்காரரிடம் முதலில் கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் கடிதத்தையும் காட்டினேன். அக்கா அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"அனுப்புங்கோ. இனி ஒளிக்க என்ன கிடக்கு" என்றார்.

எழுதுகிறவர்கள் விதிகளை வாசியுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, நான் வாசித்தவள். வாழ்க்கை முழுவதும் தேவையில்லாத நூறு பயங்களுக்குக் காது கொடுத்தவள், உண்மையான ஒரே பயம் வந்தபோது வெட்கப்பட்டு அதன் வாயைப் பொத்தினேன். அதற்கான விலையை நான் கொடுக்காமல் அக்கா கொடுத்தார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.