நாகம்மாள் காட்டிய சைகை

இந்த ஊரில் உதிர்ந்த இலைக்கும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். புரட்டாசி கழிந்ததும் மரமெல்லாம் சிவந்து கொட்டத் தொடங்கும். கொட்டியதைக் கூட்டிப் பெரிய காகிதப் பைகளில் அடைத்து வாசலில் நிறுத்தினால், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. இலையை லோடு ஏற்றிப் போகிற ஊரை நான் கனடாவில்தான் பார்த்தேன். போடி மலையில் ஏலச்செடிக்கு அடியில் விழுந்த இலை அங்கேயே மக்கும்; அதுதான் செடிக்குச் சோறு. பக்கத்து வீட்டுக்காரர் டேவ் என்பவரிடம் இதைச் சொல்ல ஆசைப்பட்டு, இலையைக் காட்டி, மண்ணைக் காட்டி, வாயில் ஊட்டுவது போலச் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கித் தின்றேன். வேறென்ன செய்ய.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் போடிமெட்டு ஏற்றத்தில் என் ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிடாத டிரைவர் கிடையாது. ஏலக்காய் மூட்டை சுமக்கிற கூலியாகத் தொடங்கி, ஜீப்பு ஓட்டி, ஜீப்பு வாங்கி, கடைசியில் குரங்கணிக்கு மேலே சொந்தத் தோட்டமும் வைத்தேன். என் மகன் செந்திலுக்கு நான் கொடுத்த படிப்புக்குத்தான் இந்த நாட்டுக்காரன் கூப்பிட்டு வேலை கொடுத்தான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். எதற்கும் அஞ்சாதவன் என்று போடி கடைவீதியில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் இந்த வருஷம் இலை உதிரும் காலத்தில் என் வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

நாகம்மாள் விடியுமுன் எழுந்து, ஒரு டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். "ஜீப்பு இன்னும் வரலையாங்க?" என்று, போடியில் தோட்டத்துக்கு ஆளேற்ற வருகிற ஜீப்பைக் கேட்டாள். முதல் தடவை சிரித்தேன். மறுபடி நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து, டப்பாவை ஒளித்து வைத்தேன். செந்தில் அதையும் கண்டுவிட்டான்.

"அப்பா, அம்மாவ டாக்டர்ட்ட காட்டணும்."

"உங்க ஆத்தாளுக்கு ஒரு சீக்கும் இல்லடா. பேச ஆளில்லாமக் கெடக்கா. நாலு பேரு வந்து போனாத் தெளிஞ்சிருவா."

"சரிப்பா. வர்ற ஞாயித்துக்கெழமை ஆளுக வர்றாங்கள்ல, பாப்போம். அப்பயும் சரியில்லைன்னா நீங்க மறுபேச்சுப் பேசக் கூடாது."

மருமகள் கவிதா வருஷாவருஷம் இந்தப் பருவத்தில் வேண்டியவர்களைக் கூப்பிட்டு ஷராட்ஸ் என்றொரு விளையாட்டு வைப்பாள். சீட்டில் இருப்பதை ஒருவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்ட, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வருஷம் நானே முன்னின்று அழைத்தேன். டேவும் அவர் மனைவி லிண்டாவும் வந்தார்கள். செந்திலோடு வேலை பார்க்கும் கம்பத்துப் பையன் முருகேசன் வந்தான். எனக்கும் நாகம்மாளுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதென்று பேத்தி யாழினி எங்கள் சீட்டுகளில் படமே வரைந்து வைத்திருந்தாள்.

எனக்கு வந்தது பஸ் படம். ஸ்டியரிங்கை ஒடித்தேன், கியரைப் போட்டேன், என்னை அறியாமல் உறுமியும்விட்டேன்.

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாகள்ல," என்றாள் நாகம்மாள். முருகேசன் பக்கம் திரும்பி, "இவுகளுக்கு அது ஒன்னுதான் வராது, மாப்ளே. கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டயில கூட ஜீப்புக் கதைதான் பேசுனாக."

முருகேசன் அதை இங்கிலீஷில் சொல்ல, டேவ் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் செந்திலைப் பார்த்தேன். பார்த்தாயா, எப்படிப் பேசுகிறாள் என்று கண்ணால் கேட்டேன். அவனும் தலையாட்டினான். அத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

அடுத்தது அவள் முறை. சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடுவில் வந்து நின்று கையைத் தூக்கினாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் காற்று ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவில் சருகை அள்ளித் தேய்த்தது. நாகம்மாளின் கை அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது. மெல்லக் குந்தினாள். இடது உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அழுத்தினாள். வலது கையை மூக்கருகே கொண்டுபோய்த் தளரத் தொங்கவிட்டாள்.

அந்தச் சைகை எனக்குத் தெரியும். ஐப்பசியில் காய் எடுக்கப் போகிறவர்கள் வரிசையாகத்தான் நடப்பார்கள். ஏலச்செடி ஆளுயரம் நிற்கும்; மூடுபனியில் முன்னால் போகிறவள் முதுகுதான் தெரியும். முதலில் போகிறவள் சருகுச் சத்தம் கேட்டால் யானை என்று வாயால் சொல்ல மாட்டாள். இந்தச் சைகையைக் காட்டிவிட்டு உட்காருவாள். பார்த்தவள் பின்னால் வருகிறவளுக்குக் காட்டிவிட்டு உட்காருவாள். நான் மூட்டைக்காரனாகப் புதிதாகச் சேர்ந்த சமயம், பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன். வரிசையில் முதலாளாகப் போன ஒரு பெண் திரும்பி வந்து என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி, வாயைப் பொத்தினாள். பச்சிலையும் சாணமும் கலந்த நெடி வந்தது. செடிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை நகர்ந்து போவது போல அது போயிற்று. அவள் உள்ளங்கையில் ஏலக்காய் வாசம். என்னை அடக்கிய ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே அவளைக் கட்டிக்கொண்டேன்.

இங்கே கூடத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கோழி, யோகா, தவளை, துதிக்கை என்று ஆளுக்கொன்று. நாகம்மாள் அவர்களைப் பார்த்த பார்வையில் கோபமும் கெஞ்சலும் இருந்தன. இவர்கள் கூச்சலால் எல்லாரும் சாகப்போகிறோம் என்கிற பார்வை அது. எட்டி யாழினியை இழுத்து மடியில் அழுத்தி வாயைப் பொத்தினாள். டேவ் கை தட்டினார். பிள்ளையின் கண் மட்டும் என்னைத் தேடியது. கீழே கிடந்த சீட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரு குடை.

அன்றைக்கு யானைக்குப் பயந்ததைவிட அதிகம் பயந்தேன். ஏத்தா, இது கனடா, இங்கே யானை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவள் யாரை நம்புவாள்? நான் குந்தினேன். அவளைப் பார்த்து அதே சைகையைக் காட்டிவிட்டு, திரும்பி மற்றவர்களுக்கும் காட்டினேன். விளையாட்டில் இது ஒரு சட்டம் என்று நினைத்தார்களோ என்னவோ, லிண்டா உட்கார்ந்தாள். முருகேசன் உட்கார்ந்தான். முட்டி வலிக்காரரான டேவ் சோபாவைப் பிடித்துக்கொண்டு முனகாமல் இறங்கினார். கவிதா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். ஒரு சத்தம் இல்லை. கதவில் சருகு மட்டும் உரசியது.

காற்று ஓய்ந்த பிறகு நாகம்மாள் பிள்ளையை விட்டாள்.

"எங்கிட்டு எறங்குச்சு?" என்று என் காதில் கேட்டாள்.

"தேவாரம் பக்கம்," என்று மலையடிவாரத்து ஊரைச் சொன்னேன்.

"சோளம் பால் புடிக்கிற நேரமாச்சே. காட்டுல காவல் கெடக்கிறவுகளுக்கு யாரையாச்சும் விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். டேவ் இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லையாம், விடை என்னவென்று கேட்கிறார் என்று முருகேசன் சொன்னான். யாழினி அழ ஆரம்பித்தாள். "அப்பத்தா, நான் வரஞ்சது குடை."

செந்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "நாளைக்கே கூட்டிட்டுப் போவம்ப்பா." அதற்குள் நாகம்மாள் சேலையை உதறிக்கொண்டு முன்வாசல் கதவைத் திறந்துவிட்டாள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமாம். செந்தில் தடுக்கப் போனான். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவளுடைய கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

வரிசையில் முதலாளாகப் போகிற அதே நடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி விளக்குகள். தெருமுனையில் நின்றாள். நான் சட்டையைத் தோளில் போர்த்தினேன். திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பகையும் இல்லை, பழக்கமும் இல்லை.

"எம் பின்னாடியே வர்றியே. எந்த ஊருப்பா நீயி?"

"ராசிங்காபுரம்," என்றேன். பொய்யில்லை. நான் பிறந்தது அங்கேதான். செந்தில் வீட்டு வாசல் விளக்கு எனக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்பத் தொலவு," என்றாள் நாகம்மாள். "நின்னுக்கிட்டிருக்காத. வெரசா வீடு போய்ச் சேரு."