ஜி வரிசைக்கு டிக்கெட் இல்லை

எங்கள் தியேட்டரில் சீட் காட்டுபவருக்கு டார்ச் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை, யார் காலையும் மிதிக்காமல், கடைசி வரிசை ஜோடிகளின் முகத்தில் வெளிச்சம் அடிக்காமல் இடம் சேர்ப்பது எத்தகைய பொறுப்பு என்பதை உலகம் இன்னும் உணரவில்லை.

பழைய தியேட்டர் ஒரு மேட்னி ஷோவில் எரிந்தது. ஜி வரிசையை ஒட்டிய கதவு வெளியே பூட்டியிருந்தது. ஓசியில் நுழைகிறவர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு. வெளியே போகிறவர்களையும் பாரபட்சமில்லாமல் தடுத்தது. அந்த வரிசையில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஓரத்து சீட்டில் டார்ச்சின் மனைவி. அவருக்கு முட்டி வலி, காலை நீட்டிக்கொள்ள எப்போதும் ஓரத்து சீட்டுதான். டார்ச் அப்போது வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊர் இரண்டு கட்சியானது. ஒரு கட்சி, "கரியோடு அப்படியே விடுங்கள், நினைவுச் சின்னமாக இருக்கட்டும்" என்றது. மற்றது, "சரி, அப்போ ஞாயித்துக்கிழமை நாங்க எங்க போறது?" என்றது. முதலாளி சமாதானப் பிரியர். ஏசி போட்டு, மெத்தை சீட்டு போட்டுப் புதிதாகக் கட்டினார். ஜி வரிசையை மட்டும் காலியாக விட்டார். "என் உயிர் உள்ளவரை இதுல யாரும் உக்கார மாட்டாங்க" என்று திறப்பு விழாவில் கண்ணீர் விட்டார். போட்டோகிராபர் படம் சரியாக விழவில்லை என்றதும் மறுபடி விட்டார்.

டார்ச் பழைய வேலைக்கே திரும்பினார்.

"அந்த இடத்துக்கேவாப்பா?" என்றாள் மகள்.

"உங்கம்மா தனியா எந்தப் படத்தைம்மா பாத்திருக்கா?"

காலி வரிசையில் நேராக நடக்கலாம். டார்ச் அப்படி நடப்பதில்லை. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, "கொஞ்சம் கால ஒதுக்குங்க, சாரிங்க" என்று ஊர்ந்துதான் போவார். ஆள் எழுந்தால் தானே மடங்குகிற சீட்டுகள் அவை. ஜி வரிசையில் மட்டும் படம் ஓடும்போது விரிந்தே கிடந்தன. ஸ்பிரிங் போட்டவனை முதலாளி கிழிகிழியென்று கிழித்தார். இடைவேளை மணி அடித்ததும் அந்த வரிசை முழுக்க டப் டப்பென்று மடங்கியது. ஸ்பிரிங் சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதியானார்.

பிறகு ஒரு படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வாசலில் கூட்டம் சட்டையைக் கிழித்துக்கொண்டபோது, முதலாளியின் துக்கம் திடீரென்று ஆறிப்போனது.

"யோவ் டார்ச், நாளைலேர்ந்து ஜி வரிசைக்கும் டிக்கெட் குடுக்கறோம்."

"அப்போ அவ எங்க உக்காருவா முதலாளி?"

"செத்தவங்களுக்கு எதுக்குய்யா ஏசி? காலி சீட்டுய்யா அது. நானே நடந்து காட்டறேன், நீ அந்தக் கோடியில நில்லு."

படம் ஓடிக்கொண்டிருந்தது. டார்ச் மனைவியின் சீட்டருகே நின்று, தொழில் தர்மப்படி தரையில் வெளிச்சம் பிடித்தார். மறுகோடியிலிருந்து முதலாளி வீதியில் நடப்பதுபோல நுழைந்தார். இரண்டு சீட்டு தாண்டினார். நடை குறைந்தது. பக்கவாட்டில் திரும்பினார். அந்தப் பெரிய தொப்பையை, கட்டடம் திறந்த நாளிலிருந்து யாருக்காகவும் எக்காத தொப்பையை, எக்கினார். முன்சீட்டைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். கடைசி சீட்டருகே வந்ததும் நின்று, காலை உயரத் தூக்கி, எதையோ தாண்டி வைத்தார்.

"சாரிம்மா" என்றார்.

வரிசையை விட்டு வெளியே வந்ததும் ஏசியிலும் அவருக்கு வேர்த்தது. "இப்படிக் கால நீட்டிக்கிட்டு உக்காந்தா மனுஷன் எப்படிய்யா..." என்று டார்ச்சிடம் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"முட்டி வலிங்க முதலாளி."

"முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா? மிதிச்சிருப்பேன்."

மறுநாளும் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினார்கள். ஜி வரிசைக்கு டிக்கெட் இல்லை.