வரிசையில் உட்காராதவர்

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என்ன தகராறு என்றாலும் அவர் வந்த பிறகுதான் பேச்சையே எடுப்பார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைக்கவில்லை என்றால் சாப்பிடாமல் திரும்பிவிடுவார். நானும் பசியோடு பின்னால் நடந்து வருவேன். ஆம்பிளை வீறாப்பு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. எங்கள் ஒரே மகளுக்கு மூன்று வயது. காய்ச்சல் விடவே இல்லை. கழுத்தைத் திருப்பினால் வீறிட்டு அழுதாள். மாட்டு வண்டி கட்டித் திண்டுக்கல் கொண்டுபோனோம். நாகல் நகரில் ஒரு டாக்டர் இருந்தார். வாசல்வரை கூட்டம். கம்பவுண்டர், "உக்காருங்க, முறை வந்ததும் கூப்புடுறேன்" என்றார்.

"நான் யாருன்னு டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார் இவர்.

"யாரா இருந்தாலும் வரிசைதாங்க."

இவர் முகம் கறுத்தது. தோல் கிடங்கில் வேலை பார்க்கிற ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இவர் உட்காராமல் தூணோரம் நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தொழிலாளியை உள்ளே கூப்பிட்டார்கள். உடனே இவர் என் மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் ஓடிப்போய் மறித்தேன். "ஏங்க, புள்ள கண்ணே தொறக்கலையே. செத்த நேரம் பொறுங்க. உங்க கால்ல விழுறேன்."

"என்னைய நிக்க வச்சுட்டு அவனக் கூப்புடுறான். இந்த வைத்தியம் நமக்கு வேணாம். வண்டியில ஏறு."

ஊரை நோக்கி வண்டி போனது. பாதி வழியில் பிள்ளைக்கு வெட்டு வந்தது. கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாயோரம் நுரை. வண்டியைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மாட்டை இன்னும் விரட்டினார். எதிரே திண்டுக்கல் பஸ் வருவது தெரிந்தது. பிள்ளையோடு குதித்து, நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினேன்.

"இப்ப ஏறுனேன்னா வீட்டுப் பக்கம் வராத!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

ஏறிவிட்டேன். மறுபடி அந்த டாக்டர் வாசலில் போய் நின்றேன். பிள்ளையைப் பார்த்ததும் வரிசையே எழுந்து வழிவிட்டது. "உள்ள போ தாயி, போ" என்று யாரோ என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

மூளைக் காய்ச்சல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது. காது இரண்டும் போய்விட்டன. இனி எந்தச் சத்தமும் கேட்காது என்று டாக்டர் சொன்னபோது நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வராதே என்றவர் தானே வந்து எங்களை அழைத்துப்போனார். "அன்னைக்கு நான் மட்டும் வண்டி கட்டலேன்னா புள்ள என்ன ஆயிருக்கும்?" என்று ஊரெல்லாம் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

அவளுக்குக் காது கேட்காது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நான் கூப்புட்டாக் கேக்கும்" என்பார். ஒருநாள் முற்றத்தில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதிருக்கும். இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் கட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா? வேணும்னே செய்யிறா. பெத்த அப்பனை நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்துறா."

"அவளுக்குக் கேக்காதுங்க. நெசமாவே கேக்காதுங்க" என்று அழுதேன்.

"என்னைய மதிக்காதவகூட எனக்கென்ன பேச்சு?" என்றார்.

அன்றோடு அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அவள் சோற்றுத் தட்டை நீட்டினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னிடம் வருவாள். அப்பாவைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, இரண்டு கையையும் விரிப்பாள். 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்று அதற்கு அர்த்தம்.

சோறு, தண்ணீர், மழை, தூக்கம் எல்லாவற்றுக்கும் நாங்கள் இரண்டு பேரும் சைகை வைத்திருந்தோம். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் கையில் ஒரு சைகையும் இல்லை.